பாதத்தையும் பார்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீரிழிவு சிகிச்சை என்றாலே சர்க்கரை அளவைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் என்ற வழக்கம் பொது மருத்துவமனைகளில் இன்னும் நீடிக்கிறது. 20 ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்த என் தந்தையிடம் காலணியைக் கழற்றுமாறு எந்த மருத்துவரும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. காலுறை ஈரமாக இருப்பதைக் கண்டு நாங்கள் பதறியபோது, உள்ளங்காலில் சிறு கல் உறுத்தி உண்டான புண் ஆழமாகிவிட்டிருந்தது. நீரிழிவால் பாத நரம்புகள் உணர்விழந்திருந்ததால் அவருக்கோ வலியே தெரியவில்லை. ஒரு விரலை அகற்ற நேர்ந்தது.

10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியை அறியும் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். பயிற்சி பெற்ற செவிலியரே அதைச் செய்துவிடலாம். பாதம், விழித்திரை, சிறுநீரில் கசியும் அல்புமின் என்னும் புரதம் ஆகிய மூன்றையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நெறி. நோயாளியின் நினைவாற்றலை நம்பி இதை விட்டுவிடாமல், ஒவ்வொருவருக்கும் ஒரே பதிவேட்டை வைத்து, தவணை தவறியவரை மருத்துவமனையே தேடி அழைக்கும் முறை வர வேண்டும்.

2030ஆம் ஆண்டுக்குள் உடலில் இன்சுலின் சுரக்காத முதல் வகை நீரிழிவு உள்ள அனைவருக்கும் கட்டுப்படியாகும் விலையில் இன்சுலினும், வீட்டிலேயே சர்க்கரையைச் சோதிக்கும் வசதியும் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் இலக்கு வைத்தது. இன்சுலினைக் கொடுத்துவிட்டுச் சோதனைப் பட்டைகளை வெளியில் வாங்கச் சொல்வது, அளவு தெரியாமலே ஊசி போடச் சொல்வதாகும். இரண்டையும் சேர்த்தே வழங்க அரசு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்