பழைய பாலம் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நல்ல சுகம். பாம்பன் பழைய பாலத்தைக் கழற்றப் போகிறார்களாமே, அப்படியே விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

1914-இல் திறந்த பாலம் அது. நூறு வருஷத்துக்கு மேல் உப்புக்காற்றில் நின்ற இரும்பு. எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் துரு விடவில்லை. கடைசிக் காலத்தில் ரயில் அதன்மேல் ஊர்ந்துதான் போனது. 2022 டிசம்பரில் நிறுத்தியேவிட்டார்கள். அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல் ரயிலெல்லாம் அக்கரையோடு சரி. உன் அப்பத்தா மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது, அக்கரையில் மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ரோட்டுப்பாலம் வழியாக வருவார். அந்த ரோட்டுப்பாலமே 1988-இல் வந்ததுதான். அதற்கு முன்னால் நம் தீவுக்கு ரயிலை விட்டால் படகுதான். 2025 ஏப்ரலில் புதுப்பாலத்தில் ரயில் வந்தபோது அப்பத்தா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் முழுச் சந்தோஷம்தான்.

பழைய பாலத்தின் நடுவே படகுகளுக்கு வழிவிடும் பகுதிதான் தூக்குப்பாலம். அதைத் திறக்க இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, நெம்புகோலைத் தள்ளித் தள்ளிச் சுற்ற வேண்டும். வெயில் பாராமல் சுற்றுவார்கள். கடலில் விசைப்படகுகள் வரிசையாகக் காத்துக் கிடக்கும். இப்போது புதுப்பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மோட்டாரில் 17 மீட்டர் மேலே போய்விடுகிறது. யார் தோளும் நோகவில்லை. நல்லதுதானே?

ஆனால் தம்பி, 1964 புயலை நினைத்துப் பார். தனுஷ்கோடி அழிந்தது, பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலில் போனது. பாலத்தின் கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள், பெரும்பாலும் விழுந்துவிட்டன. தூக்குப்பாலம் மட்டும் நின்றது. சரிசெய்ய வந்த இன்ஜினியர் ஸ்ரீதரனுக்கு அப்போது 32 வயது. மாதக்கணக்கில் கெடு கொடுத்திருந்த வேலையை 46 நாளில் முடித்தார்கள். கடலுக்குள் கிடந்த கர்டர்களையே தூக்கியெடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். அந்த இரும்பை மொத்தமாக எடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

தூக்குப் பகுதியையாவது பாம்பன் கரையில் நிறுத்திவைக்கும்படி ரயில்வேக்கு ஒரு மனு கொடுக்கலாம் என்று இங்கே நாலு பேர் பேசியிருக்கிறோம். உனக்குத்தான் இந்த வேலையின் நுணுக்கம் தெரியும். மனுவை நீயே எழுதி அனுப்பு. கையெழுத்து நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

அன்புடன்,
அப்பா