நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூர் 6 மணி 40 நிமிடமா?

பயணச்சீட்டுச் செயலியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது என் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை, புகார் சொன்னேன்.

போன மாதம் நியூயார்க் கென்னடி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கிக்கு நேரடி விமானம் எடுத்தேன். வியாழன் இரவு 10.30-க்குப் புறப்பாடு, வெள்ளி காலை 5.10-க்கு வருகை, பயண நேரம் 6 மணி 40 நிமிடம் என்று உங்கள் செயலி காட்டியது. போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை காலை 5.10-க்கு. வெள்ளி மாலை என் தங்கை கல்யாணம். அந்த நேரத்தில் எங்கள் விமானம் பாதி வழிகூடத் தாண்டவில்லை. விமான நிறுவனத்தின் மேல் தப்பில்லை, அவர்கள் சரியான நேரத்துக்குத்தான் கொண்டுபோய் இறக்கினார்கள்.

நேரத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கலாமே என்பீர்கள். சரி, நான் தேதியை மட்டும்தான் பார்த்தேன், வெள்ளி என்று கண்டதும் பணத்தைக் கட்டிவிட்டேன். ஆனால் அதே திரையில் தூரம் 15,349 கிலோமீட்டர் என்று நீங்களே போட்டிருக்கிறீர்களே! அதை 6 மணி 40 நிமிடத்தில் கடக்க மணிக்கு 2,300 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானம்கூடப் பயணிகளோடு அவ்வளவு வேகம் போனதில்லை, அதுவும் 2003-லேயே ஓய்வு பெற்றுவிட்டது. கோடையில் இரண்டு ஊருக்கும் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. அதைக் கணக்கில் சேர்க்காமல், இடையில் ஒரு நாளையும் விட்டுவிட்டு, சிங்கப்பூர் கடிகார நேரத்திலிருந்து நியூயார்க் கடிகார நேரத்தைக் கழித்து வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் விஷயம். விமானச் சீட்டு விற்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

தொலைபேசியில் பேசியவர் "காத்து சாதகமா அடிச்சா சீக்கிரம் போயிடும் சார்" என்றார். எந்தக் காற்று 12 மணி நேரத்தை மிச்சப்படுத்தும்? கூடிப்போனால் ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகும். விளக்கப் போனால், "பூமி உருண்டை சார், அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. இதற்கு முன்னால் அரைநாள் விடுப்பு எடுத்து உங்கள் அலுவலகத்துக்கே வந்தேன், சொல்ல மறந்துவிட்டேன். புகாரெல்லாம் செயலியில்தான் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். செயலியில் போட்டால் தொலைபேசியில் கூப்பிடச் சொல்கிறது!

தங்கை இந்தப் பிறவியில் என்னோடு பேசப்போவதில்லை. அந்த நஷ்டத்தை எந்தக் காசாலும் ஈடுகட்ட முடியாது. இருந்தாலும் மரியாதையாகவே கேட்கிறேன்: டிக்கெட் பணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள், அந்தப் பயண நேரத்தைத் திருத்துங்கள். நேற்று பார்த்தேன், இன்னும் அதே 6 மணி 40 நிமிடம்தான்.

14 நாள் பார்ப்பேன். அப்புறம் பயனீட்டாளர் சங்கத்துக்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் போவேன். உங்கள் செயலித் திரையைப் படம் பிடித்துச் சேமித்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து சிரித்தவரை மட்டும் மறுபடி பேச வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வந்து இறங்கிய அண்ணன்