விளம்பரத்தில் வருவது அந்தச் செல் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும் டைப் 1 சர்க்கரை நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை பலன் தருவதாக ஒரு வெளிநாட்டு ஆய்வைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். செய்தியில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதே வாரம் உங்கள் இணைப்பிதழில் ‘ஸ்டெம் செல் மூலம் சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு’ என்று ஒரு பெரிய விளம்பரமும் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு தாய் என்ன நினைப்பார்? அங்கே கண்டுபிடித்தது நம் ஊருக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்ப்பது பற்றித்தான் நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறேன். அதனால் இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த ஆய்வு. வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் நடத்திய அதன் முடிவுகள் 2025 ஜூனில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தன. முழு அளவு செல்களைப் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது திருவிழா மாதிரியான செய்தி. ஆனால் அவர்கள் எல்லோரும் பெரியவர்கள். சர்க்கரை அபாய அளவுக்கு இறங்குவதைக்கூட உணர முடியாத நிலையில் இருந்தவர்கள். வேறொருவரின் செல் என்பதால், உடம்பு அதை அழித்துவிடாதபடி நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். ஆய்வில் கலந்துகொண்டவர்களில் இருவர் இறந்தும் போனார்கள். ஒருவரின் உயிரைப் பறித்தது பூஞ்சையால் வந்த மூளைக்காய்ச்சல். எதிர்ப்பு சக்தி அடங்கிய உடம்பில் இப்படிப்பட்ட தொற்று சுலபமாக நுழைந்துவிடும். இன்னொருவருக்கு முன்பே இருந்த மறதி நோய் முற்றிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதை எப்போது கொடுக்கலாம் என்ற கேள்விக்கு இன்னும் யாரிடமும் விடை இல்லை.

அந்தச் செல் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தவளை முட்டைகளின் வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தவர் டக்ளஸ் மெல்டன். 1991-ல் அவருடைய கைக்குழந்தைக்கு டைப் 1 என்று தெரிந்ததும் தன் ஆராய்ச்சியையே கணையத்தின் பக்கம் திருப்பிவிட்டார். ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் செல்களைப் பெருமளவில் உருவாக்கும் முறையை அவர் குழு வெளியிட்டது 2014-ல். அந்தக் கட்டுரையில் முதல் பெயர் ஃபெலிசியா பக்லியூகாவுடையது. அப்போது அவர் முனைவர் பட்டம் முடித்து வந்த ஓர் இளம் ஆராய்ச்சியாளர். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வரும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். ஸ்டெம் செல் தானாக இன்சுலின் செல்லாக மாறிவிடாது. கருவில் கணையம் உருவாகும் வரிசையை அப்படியே தட்டில் நடத்திக் காட்ட வேண்டும். முதலில் ஒரு புரதம், பிறகு அதை எடுத்துவிட்டு வேறொன்று, அப்புறம் இன்னொன்று என்று படிப்படியாக ஒரு மாதம் போல ஆகும். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்று பார்க்க முடியாது. செல்கள் வளரும் ஊட்டத் திரவமான மீடியத்தை மாற்றியே ஆக வேண்டும். கடைசியில் கிடைப்பவை கடுகைவிடச் சிறிய உருண்டைகள். அவற்றின் மேல் டைதிசோன் என்ற சாயத்தை விடுவோம். இன்சுலினோடு துத்தநாகமும் சேர்ந்திருப்பதால் சரியான செல்கள் நல்ல சிவப்பாக மாறும். மைக்ரோஸ்கோப்பில் அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி.

அதோடு வேலை முடிவதில்லை. குளுக்கோஸ் குறைவாக இருக்கும் நீரில் வைத்துவிட்டு, பிறகு அதிகமாக இருக்கும் நீருக்கு மாற்றி, எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அளக்க வேண்டும். சிவப்பாக இருக்கும் பல உருண்டைகள் இதில் தோற்றுவிடும். குளுக்கோஸ் குறைவாக இருக்கும்போதும் அவை சுரந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட செல் உடம்புக்குள் போனால் சர்க்கரை இறங்கி ஆளையே சாய்த்துவிடும். முழுதாக மாறாத ஸ்டெம் செல் ஒட்டிக்கொண்டிருந்தால் கட்டி வளரும் ஆபத்தும் உண்டு. இத்தனையையும் தாண்டி வந்த செல்லைத்தான் அந்த ஆய்வில் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தினார்கள்.

தைராய்டு பற்றியும் பலர் கேட்கிறார்கள். பிரஸ்ஸல்ஸில் ஒரு குழு 2012-லேயே எலியின் ஸ்டெம் செல்லிலிருந்து தைராய்டு திசுவை வளர்த்து, தைராய்டு இல்லாத எலிகளில் வேலை செய்ய வைத்தது. இருந்தாலும் அங்கே இவ்வளவு அவசரம் இல்லை. தினம் ஒரு மாத்திரை பெரும்பாலானவர்களுக்குப் போதும். இன்சுலின் தேவையோ நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது. அதனால்தான் ஊசியைவிட உயிருள்ள செல் மேல் எங்களுக்கு இவ்வளவு ஆசை.

சரி, விளம்பரத்தில் வருவது என்ன? வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ சில செல்களைப் பிரித்து, குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது போல நரம்பில் ஏற்றுகிறார்கள். மீசன்கைமல் செல்கள் என்று பெயர். இவை இன்சுலின் சுரப்பவை அல்ல; நரம்பில் ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடும். நோய் எதிர்ப்பின் வேகத்தைத் தணிக்க இவை உதவுமா என்று முறையான ஆய்வுகள் நடக்கின்றன, அது வேறு விஷயம். ‘உங்கள் சொந்தக் கொழுப்பிலிருந்து’ என்ற வாசகம் சீனாவில் நடந்ததை நினைவுபடுத்தும். 2024-ல் வெளியான அந்த ஆய்வில், தியான்ஜினைச் சேர்ந்த 25 வயதுப் பெண்ணின் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்களை ரசாயனங்களால் ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பி, அங்கிருந்து இன்சுலின் செல்களை வளர்த்து வயிற்றுத் தசை உறைக்கு அடியில் வைத்தார்கள். 75 நாளில் ஊசி தேவையில்லாமல் போனது. அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு எதிர்ப்பை அடக்கும் மருந்தில் இருந்தவர். காலையில் கொழுப்பை எடுத்து மாலையில் ஏற்றும் வேலைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்காவின் மகனுக்குப் போன வருடம் டைப் 1 வந்தது. ஏழாம் வகுப்பு படிக்கிறான். ஒரு கிளினிக்கின் மடிப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்து, “ஏம்மா, இது நீ படிக்கிற அதே செல்தானே?” என்று கேட்டார். லட்சக்கணக்கில் கட்டணம். நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தார். அந்த மடிப்புத்தாளில் நன்றி சொல்லியிருந்த பிள்ளைகளில் பலருக்கு நோய் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் கட்டத்தில் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் தெம்பாகி இன்சுலின் தேவை குறைவது சகஜம். ‘ஹனிமூன் காலம்’ என்று டாக்டர்களே சொல்வார்கள். ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் இல்லாமலே வந்து, தானாகவே போய்விடும். அந்த முன்னேற்றத்துக்கான நல்ல பெயரைத்தான் கிளினிக் தட்டிக்கொண்டு போகிறது. நான் அவரிடம் கெஞ்சிக் கேட்டது ஒன்றுதான்: “என்ன செஞ்சாலும் இன்சுலினை மட்டும் நிறுத்திடாதீங்க அக்கா.” டைப் 1 பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரும்.

செல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சி-பெப்டைட் என்று பெயர். உடம்பு சொந்தமாக இன்சுலின் தயாரித்தால்தான் அது ரத்தத்தில் இருக்கும். ஊசி மருந்தில் இருக்காது. அந்த மடிப்புத்தாள் முழுக்கத் தேடினேன், அந்தச் சொல்லே இல்லை.

நம் நாட்டு விதிகளும் தெளிவாகத்தான் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தவிர மற்றவை முறையான ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேருபவரிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. இந்த நோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அதில் நீரிழிவும் உண்டு. விளம்பரம் கொடுப்பவரை மட்டுமல்ல, வெளியிடுவதில் பங்கெடுக்கும் யாரையும் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

எனவே இனி இப்படி ஒரு விளம்பரம் வந்தால், ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் அதன் பதிவு எண் என்ன என்று உங்கள் விளம்பரப் பிரிவு கேட்கட்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண் இருந்தும் கட்டணம் கேட்டால் விளம்பரத்தை நிராகரியுங்கள். ஆய்வுச் செய்தி போடும்போது, கலந்துகொண்டவர்களின் வயது, எண்ணிக்கை, சாப்பிடும் மருந்து இவற்றையும் நாலு வரியில் சேருங்கள். சந்தேகம் வந்தால் என்னைப் போன்ற ஆராய்ச்சி மாணவர்களைக் கேளுங்கள். படித்துப் பார்த்து அன்றைக்கே பதில் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆராய்ச்சி மாணவி,
சென்னை.