எனக்கும் ஒரு நாற்காலி

கர்ப்பத்திலோ பிரசவத்திலோ ஒரு தாய் இறந்தால் காரணம் ஆராயும் மகப்பேறு மரணத் தணிக்கைக் கூட்டங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். 2021 மே மாதத்தைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

கொரோனா வந்ததும் மற்றத் துறைக்காரர்கள் ஹெர்னியா, கண்புரை என்று தள்ளிப்போட முடிந்ததையெல்லாம் தள்ளிப்போட்டார்கள். பிரசவ வலியை யார் தள்ளிப்போடுவது? ஆர்டி-பிசிஆர் முடிவு வர ஒரு நாள் ஆகும், குழந்தை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அதனால் வருகிற எல்லோரையும் பாசிட்டிவ் என்றே வைத்துக்கொண்டு பிபிஇ கவச உடையை மாட்டினோம். மாட்டினால் ஆறு மணி நேரத்துக்குத் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைக்க வழியில்லாமல், டாப்ளரைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித்தான் குழந்தையின் துடிப்பைக் கேட்டோம். முக்கி மூச்சுவிடுகிற பெண்ணுக்கு மாஸ்க் எங்கே மூக்கில் நிற்கும்? அந்த மூச்சுக்கு நேரே நிற்பவர்கள் நாங்கள். துணைக்கு அம்மாவையோ அக்காவையோ உள்ளே விடுவதையும் நிறுத்தியிருந்தோம். ஒரு பெண் என் கையுறையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவை முகத்தக் காட்டுங்க டாக்டரம்மா" என்றாள். காட்டவில்லை.

எங்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி ஜனவரி 16 அன்றே தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலை 2இல். இரண்டாம் அலை அதற்குள் உச்சத்தைத் தாண்டிவிட்டது.

சரி, நோய்க்காலம். அதையெல்லாம் தாங்கிக்கொண்டோம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அப்புறம் நடந்த கூட்டம்.

ஏழு மாதக் கர்ப்பிணி, ரத்தத்தில் ஆக்சிஜன் 82 சதவீதம்தான். சிசேரியன் செய்வதா, காத்திருப்பதா என்று நானும் மயக்க மருத்துவரும் மாடிப்படியில் நின்றபடி முடிவெடுத்தோம். குழந்தை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் வீடியோவில் தணிக்கைக் கூட்டம். "ஏன் முன்னாடியே ரெஃபர் பண்ணல?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு எந்த ஊரில் படுக்கை காலியாக இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் எழுந்து நின்றுதான் பதில் சொன்னேன். கேமராவில் என் கோட்டுப் பொத்தான்கள்தான் தெரிந்திருக்கும்.

மரண ஆய்வில் பெயர் சொல்லக் கூடாது, பழி போடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனமே வலியுறுத்தும் விதி. கேள்வி கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு தாய் போயிருக்கிறாள், கேட்கத்தான் வேண்டும். ரத்தம் எத்தனை மணிக்கு வந்தது, 108 எத்தனை மணிக்குக் கிளம்பியது, டூட்டியில் எத்தனை பேர், அவர்கள் தூங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குக் கேஸ் ஷீட்டோடு நேரில் வருகிறேன். எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
லேபர் வார்டிலிருந்து ஒரு மருத்துவர்