நிறுத்துங்கள், நேரம் போட்டு ஒரு சீட்டு கொடுங்கள்

ரோட்டில் சரக்கு வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த இடம் என்று எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். போன வாரம் பாவூர்சத்திரத்தில் கத்தரியும் முருங்கையும் ஏற்றிக் கேரளாவுக்குப் புறப்பட்ட எங்கள் லாரியை ராத்திரி பத்தரைக்கு ஓரங்கட்டச் சொன்னீர்கள். விட்டது காலை ஐந்தே முக்காலுக்கு.

ஓட்டிப் போனது என் கொழுந்தன். ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் காட்டியிருக்கிறார். கத்தரிக்காய்க்கு ஈ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கிற சீட்டு, எங்கே என்று கேள்வி வந்தது. பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை, ஈ-வே பில்லும் வேண்டாம் என்று சொன்னதற்கு, "பெரியவர் சாப்பிடப் போயிருக்கார், வந்து பார்ப்பார்" என்றார்களாம். பெரியவர் விடியவிடியச் சாப்பிட்டார் போலிருக்கிறது. கிளீனர் பையன் மூன்று தடவை படுதாவைத் தூக்கி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறான். உள்ளே சோற்றுப்பானை மாதிரி சூடு. கடைசியில், "சரி, போ."

விடியுமுன் இறங்க வேண்டிய லோடு, ஏலம் முடிந்த பிறகு மண்டிக்குப் போனது. முருங்கை தப்பித்தது, கத்தரி பாதி விலைக்குப் போனது. அந்த நஷ்டத்தை எங்கள் வாடகையில் பிடித்துவிட்டார்கள். வழியில் நிறுத்திவிட்டார்கள் என்றோம். "அதுக்குச் சீட்டு எங்கே?" என்றார் மண்டிக்காரர். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அந்தச் சீட்டைத்தான் நாங்களும் கேட்கிறோம். சோதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ரேஷன் அரிசி எல்லை தாண்டுகிற கதை எங்களுக்கும் தெரியும், நன்றாகத் தேடுங்கள். நிறுத்திய நேரம், விட்ட நேரம், காரணம், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

நான் இந்த லாரி வீட்டின் மருமகள், கணக்கு எழுதுகிறவள். மாமனாரின் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி டவுனுக்கு மாட்டு வண்டியில் நெல் கொண்டுபோனவர். கடிகாரம் கிடையாது. 'செங்கோட்டை ரயில் போனபின் பாரம் ஏற்றியது' என்று அவர் பென்சிலால் எழுதிய நோட்டு இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. மாமா கிளீனராக ஏறி, டிரைவராகி, பழைய லாரி ஒன்றைக் கடனுக்கு எடுத்தார். இப்போது ஐந்து வண்டி. மூன்றுக்குத் தவணை ஓடுகிறது, ஆகவே யாரும் முதலாளி என்று கூப்பிட வேண்டாம். "துண்டுச் சீட்டு இல்லாம மூட்டையத் தொடாதலே" என்பதுதான் மாமா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, இனி வழியில் வண்டி நிற்காது என்றார்கள். நம்பினோம். 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயமானது. டோல்கேட்டில் காசு எடுத்த நேரம் போனுக்கு வந்துவிடுகிறது. ஏழே கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிற இடத்தில் மட்டும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அபராதம் என்றால் உடனே வருகிறது! போன வருஷம் ஹெல்மெட் போடவில்லை என்று எங்கள் லாரிக்கு ஒன்று வந்தது. பத்துச் சக்கர வண்டி. எந்தத் தலைக்கு மாட்டுவது என்று கேட்க ஆள் தேடி, அலைந்து, கடைசியில் கட்டிவிட்டோம்.

சரி, அது வேறு கதை. கோபத்தில் ஏதாவது கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தினால் நேரம் போட்டு ஒரு சீட்டு கொடுங்கள், தயவுசெய்து. தாள் இல்லையென்றால் எங்கள் பில் புத்தகத்தின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. கிளீனர் பையனிடம் கேளுங்கள், பேனாவும் தருவான்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் பக்கத்து லாரி வீட்டு மருமகள்