ஞாயிறு சைக்கிள்: நேரம் மாற்றம்
வணக்கம். இந்த ஞாயிறு காலை 6:15-க்கு முகுந்தராயர் சத்திரத்தில் கூடுவோம், ஜோடியாக வருபவர்களும் சரி, தனியாக வருபவர்களும் சரி. அங்கிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை 9.5 கிலோமீட்டர். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று போகும்போது முதுகைத் தள்ளும். திரும்பும்போதுதான் தெரியும் சேதி. போன வாரம் பாதி வழியில் என் வீட்டுக்காரம்மா சைக்கிளை நிறுத்திவிட்டு, “சாயங்கால மேட்ச்சுக்காவது வீடு போய்ச் சேருவோமா?” என்றாள்.

சாலையில் மணல் ஏறியிருந்தால் இறங்கித் தள்ளுங்கள். செயினில் அப்பிய மணலைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தே எனக்கு அரைநாள் போனது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

அப்புறம், மேட்ச் எங்கள் வீட்டில். சுண்டல் உண்டு. ரிமோட் அவள் கையில்தான்.