ஊர்க்காணிக்கு மதில் கட்டப்போற எங்கட வெளிநாட்டுச் சனத்துக்கு ஒரு திறந்த மடல்

கனடாவிலயும் லண்டனிலயும் பிரான்சிலயும் சுவிசிலயும் இருக்கிற எங்கட அண்ணைமார், அக்காமார், மாமா மாமிமார் எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில, ரெண்டு பக்கமும் உங்கட பூட்டின காணியள் இருக்கிற ஒழுங்கை ஒண்டுக்குள்ள இருந்துகொண்டுதான் இதை எழுதுறன். கோடை லீவுக்கு வாறியள், காணியைப் பாக்கிறியள், வேலி விழுந்து கிடக்கு, மாடு ஆடு பூந்து திரியுது, உடன மேசனைக் கூப்பிட்டு நாலு பக்கமும் ஆறடி மதில் கட்டச் சொல்லிப்போட்டு பிளேன் ஏறிடுறியள். உங்கட பயம் விளங்குது. தொண்ணூறில போரால, குடாநாட்டின்ர வடக்கில இருக்கிற வலிகாமம் வடக்கால இடம்பெயர்ந்த சனம் கன வருஷத்துக்குப் பிறகு திரும்பிப் போய் பாத்தா வேலியும் இல்ல எல்லையும் இல்ல பத்தைக்காடுதான் நிண்டது, அதைக் கண்ட ஆக்களுக்கு கல்லில எல்லை போட்டாத்தான் நித்திரை வரும். ஆனா நாலு பக்கமும் அடிமட்டத்தில இருந்து சீமெந்துக் கல்லால அடைக்கிறது எங்கட மண்ணுக்குச் சரிவராது, தயவுசெய்து கொஞ்சம் பொறுத்து இதை வாசியுங்கோ.

முதல் விசயம் தண்ணி. யாழ்ப்பாணத்தில வருஷம் முழுக்க ஓடுற ஆறு எண்டு ஒண்டும் இல்ல, கீழ இருக்கிறது சுண்ணாம்புக்கல்லு, ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் பெய்யிற மழைதான் அதுக்குள்ள இறங்கி மிச்சம் முழு வருஷத்துக்கும் கிணத்தில நிக்குது. முந்தி ஓலை வேலிக்குக் கீழால வெள்ளம் காணிக்குக் காணி ஊர்ந்து போய் குளத்திலயோ வெள்ளவாய்க்காலிலயோ சேரும். இப்ப ஒரு காணிக்கு மதில் எழும்பினா மேட்டுப்பக்கத்து வீட்டில தண்ணி தேங்கி நிக்குது, மலசலகூடக் குழி நிரம்புது, அந்தத் தண்ணி அப்பிடியே கிணத்துக்குப் போகுது, ஏனெண்டா சுண்ணாம்புக்கல்லு வெடிப்புகளுக்குள்ளால அழுக்கு வடிகட்டுப்படாம ஓடிப்போயிடும். 2008 கார்த்திகையில நிஷா புயல் மழைக்கு குடாநாடு மூழ்கினது கனபேருக்கு ஞாபகம் இருக்கும், அதுக்குப் பிறகு எழும்பின மதிலுகள் எத்தினை எண்டு நீங்களே ஒருக்கா ஒழுங்கையால நடந்து பாருங்கோ.

உங்கட காணி உறுதியை, அதுதான் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கோ. பழைய உறுதியள் கனக்கவில கிணத்துப் பங்கோட வழி வாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கும். அதை எழுதின பெரியாக்கள் சும்மா எழுதேல்ல. பங்குக் கிணத்துக்குப் போற பாதையை மதிலால மறிச்சா அது வழக்கு, கோட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுபடும், நீங்கள் அங்க இருந்துகொண்டு தவணைக்கு வரவும் ஏலாது. அதால எந்த வேலியா இருந்தாலும் முதல்ல சேவையரை (நில அளவைக்காரரை) கூப்பிட்டு எல்லைக்கல்லு போடுங்கோ, பக்கத்துக் காணிக்காரரும் நிக்கேக்க போடுங்கோ, ஆள் வெளிநாடெண்டா வீடியோ கோலிலயெண்டாலும் காட்டுங்கோ. கதியாலை (வேலிக்கு நட்டு வளர விடுற உயிர்த்தடியை) ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளி நட்டு வந்த வேலிச்சண்டையள் எங்கட ஊருகளில எத்தினை குடும்பத்தைப் பிரிச்சதெண்டு உங்களுக்குத் தெரியும். எல்லைக்கல்லு சரியா இருந்தா உயிர்வேலி போட்டாலும் எல்லை அசையாது, மதில்தான் வேணுமெண்டில்ல.

சரி, பிறகு என்ன போடுறது? நான் சொல்லுறது கலப்பு வேலி. சதுரமான ரெண்டு பரப்புக் காணியெண்டா (கிட்டத்தட்ட 5,400 சதுர அடி) சுத்தளவு கிட்டத்தட்ட 300 அடி வரும், அதில தெருப்பக்கம் ஒரு 75 அடிதான். தெருப்பக்கம் வேணுமெண்டா மதில் கட்டுங்கோ, பிரதேச சபையில கேட்டு வீதி எல்லையை விட்டுத்தள்ளிக் கட்டுங்கோ, அடியில ஆறேழு அடிக்கு ஒரு ஓட்டை வெள்ளம் போக விடுங்கோ. அந்த ஓட்டையைப் பிறகு பாம்பு வருமெண்டு சீமெந்து பூசி அடைக்காதேங்கோ, கம்பிவலை வைச்சா காணும். மற்ற மூண்டு பக்கமும் கொங்கிறீற் தூண் நட்டு முள்ளுக்கம்பி இழுத்து, கம்பியோட சேத்து அடிக்கு ஒரு கதியால், இல்லாட்டி ஒண்டரை அடிக்கு ஒண்டு. மூண்டு பக்கத்துக்கும் 150 இல இருந்து 225 கதியால் மட்டில வரும், ஊரில ஆரும் வேலி வெட்டுற நேரம் சொல்லி வைச்சா சும்மாவே தருவினம்.

கதியாலுக்கு எது நல்லதெண்டா என்ர எண்ணத்தில கிளுவைதான் முதல், வெயிலுக்கும் தாங்கும், வேரும் பெரிசா தொந்தரவு தராது. சீமைக்கிளுவை கெதியா வளரும், குழை ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் உதவும், ஆனா வருஷத்தில ரெண்டு தரமெண்டாலும் வெட்டோணும், விட்டா மரமாப் போயிடும். பூவரசு நல்ல நிழல்தான், கிணத்துக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் கிட்ட வைக்காதேங்கோ. முருங்கைக்கதியால் காத்துக்கு முறியும், அதை மட்டும் நம்பி வேலி போடேலாது. கதியால் ஆறடி நீளத்தில, கைமணிக்கட்டு மொத்தத்தில முத்தினதாப் பாத்து வெட்டி, அடியைச் சரிவாச் சீவி, ஒரு ரெண்டு மூண்டு நாள் நிழலில போட்டு, ஒண்டேகால் அடியாவது ஆழத்தில இறுக்கி நடோணும். நேரம் முக்கியம், மழை தொடங்கேக்க நட்டா வேர் பிடிக்கும், நீங்கள் வாற ஆடி ஆவணிக்க நட்டா முக்காவாசி காஞ்சுபோகும். அதுக்காகத்தான் சொல்லுறன், லீவில வந்து எல்லைக்கல்லையும் தூணையும் கம்பியையும் முடியுங்கோ, கதியாலை ஐப்பசியில நட ஊரில ஒராளுக்குக் காசு குடுத்துப் பொறுப்பு விடுங்கோ.

மறைப்பு வேணுமெண்டு கேப்பியள், அது ஞாயம்தான், குளிக்கிற கிணத்தடி தெருவுக்குத் தெரியக் கூடாது. வீட்டுப் பக்கத்துக்கு மட்டும் பனையோலையோ கிடுகோ (பின்னின தென்னோலை) வைச்சு அடையுங்கோ. கிடுகு ஒண்டு ரெண்டு வருஷம், பனையோலை அதைவிடக் கூட நிக்கும், உக்கின ஓலை தோட்டத்து மண்ணுக்குள்ள புதைக்கப் பசளை. குத்தூசி பிடிச்சு அடைக்கிற ஆக்கள் இப்பவும் இருக்கினம், வேலை இல்லாமத்தான் வேற தொழிலுக்குப் போயினம், நீங்கள் மதிலுக்குச் செலவழிக்கிற காசில ஒரு சின்னப் பங்கு அவைக்குப் போனாலே ஊருக்குள்ள காசு சுழலும். தகரம் வேண்டாம், உப்புக்காத்துக்குக் கறள் பிடிச்சு பெருங்காத்துக்குப் பறக்கும், பக்கத்தில சின்னப் பிள்ளையள் விளையாடுது.

இன்னொண்டு. வயசுபோன அம்மா அப்பா தனிய இருக்கிற வீடுகளைச் சுத்தி ஆறடி மதில் கட்டுறியளே, அவை விழுந்து கிடந்தாக்கூட ஆருக்கும் தெரியாது. முந்தி வேலி இடைவெளிக்குள்ளால குரல் குடுத்தா பக்கத்து வீட்டு மாமி ஓடி வருவா. பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு சின்னப் படலையெண்டாலும் விடுங்கோ.

இந்த வருஷம் மதிலுக்குக் காசு அனுப்ப யோசிக்கிற ஆக்கள், மேசனுக்குச் சொல்ல முதல் பக்கத்துக் காணிக்காரருக்கு ஒரு போன் எடுத்து, மழைத்தண்ணி எந்தப் பக்கத்தால வந்து எந்தப் பக்கத்தால போகுதெண்டு கேளுங்கோ. அதைக் கேட்ட பிறகு தூண் எங்க, ஓட்டை எங்க, கதியால் எங்க எண்டு முடிவெடுங்கோ.